சாங்தாங்கின் மேய்ச்சல் மண்

லடாக் என்றதும் பனியும் பாறையுமே நம் நினைவுக்கு வரும். ஆனால் அதன் கிழக்கே, 4,000 மீட்டருக்கும் உயரமான சாங்தாங் மேட்டுநிலத்தில், சாங்பா இடையர்கள் பஷ்மினா ஆடுகளையும் யாக்குகளையும் மேய்த்து வாழ்கிறார்கள். மழை மிகக் குறைந்த இக்குளிர் நாட்டில் புல் முளைப்பது எப்படி?

மண்ணின் கலவையில்தான் விடை இருக்கிறது. மணலும் வண்டலும் களியும் அளவாகக் கலந்த மண்ணை இருமண்பாடு என்பர். இங்குள்ள நல்ல மேய்ச்சல் திட்டுகளில் மணற்பாங்கான இருமண்பாட்டைக் காணலாம். மணல் இருப்பதால் பனி உருகிய நீர் தேங்காமல் உள்ளே இறங்கும். தேங்காத மண் கோடையில் விரைவில் சூடேறும். இறங்கிய ஈரத்தை வண்டலும் களியும் வேருக்காகப் பிடித்து வைக்கும்.

குறைகளும் உண்டு. சுண்ணாம்பைக் கரைத்துக் கீழே கொண்டுபோக மழை போதாது. ஆகவே மண்ணில் காரத்தன்மை மிகுதி. செடிகள் குறைவு என்பதால் மக்கும் குறைவு. கிடைக்கும் சாணமும் அடுப்புக்குப் போய்விடுகிறது.

மக்குக் குறைந்த மண்ணைக் கட்டிக் காப்பவை வேர்களே. விறகுக்காகப் புதர்களைப் பிடுங்கினாலோ, ஓரிடத்திலேயே அதிகம் மேய்த்தாலோ, காற்று முதலில் நுண்ணிய வண்டலை அள்ளிச் செல்லும். எஞ்சிய மணலிலும் கல்லிலும் ஈரம் நிற்காது. புல் மீண்டும் வர நெடுங்காலமாகும்.

லடாக் சுற்றுலா செல்லும் அன்பர்கள் வண்டியைச் சாலையை விட்டு இறக்க வேண்டாம். சக்கரம் நசுக்குவது ஓர் ஆட்டு மந்தையின் உணவை.