திணறும் கணினி: புதிது வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

மேசைக் கணினி மெதுவாவதற்குப் பெரும்பாலும் ஐந்து காரணங்களில் ஒன்றுதான் இருக்கும்: ராம் போதாமை, தேய்ந்த ஹார்டு டிஸ்க், பின்னணியில் ஓடும் வேண்டாத நிரல்கள், வைரஸ், தூசியால் ஏறும் சூடு. ஐந்துக்கும் வைத்தியம் வேறு வேறு. எது என்று பார்க்காமலே ராம் வாங்கிப் போடுவதும், விண்டோஸை அழித்து மறுபடி ஏற்றுவதும், கடைசியில் பெட்டியையே மாற்றுவதும் வீண் செலவு.

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆரணியை அடுத்த தேவிகாபுரம், பெரியநாயகி அம்மன் கோயிலுக்கும் பட்டுத் தறிக்கும் பேர்போன ஊர். இதுபோன்ற நெசவு ஊர்களின் தொழிலுக்குள் கணினி வந்து பல காலமாகிறது. ஜக்கார்டு நெசவுக்கான வடிவம் முன்பெல்லாம் கட்டத்தாளில் வரையப்பட்டது. ஒரு கட்டம் என்பது பாவும் ஊடையும் சந்திக்கும் ஓரிடம். நிரப்பிய கட்டத்தில் பாவு இழை மேலெழும், வெறுங்கட்டத்தில் கீழே நிற்கும். இன்று அந்தக் கட்டத்தாளின் இடத்தில் கணினித் திரை இருக்கிறது. கணினி திணறினால் வடிவம் தாமதமாகும். வடிவம் தாமதமானால் அதன்படி ஜக்கார்டு அட்டையில் துளை குத்துவது தள்ளிப்போகும். அட்டை வரும்வரை தறி சும்மா நிற்கும்.

காரணத்தைக் கண்டுபிடித்தல்

முதல் வேலை, கணினியை ரீஸ்டார்ட் செய்வது. தினமும் ஷட் டவுன் செய்கிறோமே என்று இதை விட்டுவிடக் கூடாது. விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற வசதி இருக்கிறது. அது இயங்கும் கணினியில் ஷட் டவுன் கொடுத்தால், இயங்குதளத்தின் உட்பகுதி அப்படியே டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு, மறுநாள் அதே நிலையில் எழும். சேர்ந்திருந்த சிக்கலும் கூடவே எழும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

அதன்பிறகும் திணறினால், திணறும் அந்த நேரத்திலேயே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் சிபியு, மெமரி, டிஸ்க் என்ற மூன்று பத்திகளைக் கவனிக்க வேண்டும். மெமரி 90 சதவீதத்தை நெருங்கி நின்றால் ராம் போதவில்லை. பெரிய வேலை எதுவும் நடக்காதபோதும் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றால் ஹார்டு டிஸ்க்கைச் சந்தேகிக்க வேண்டும். சிபியு விடாமல் உச்சத்தில் இருந்தால், அதைப் பிடித்துவைத்திருக்கும் நிரலின் பெயர் பட்டியலில் தெரியும். வேலைப் பளு இருக்கும்போதே சிபியுவின் கிகாஹெர்ட்ஸ் வேகம் அதன் அடிப்படை வேகத்துக்கும் கீழே இறங்கினால் சூடு காரணமாக இருக்கலாம்.

ராம்

நெய்பவர் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கும், ஊடை நூல் சுற்றிய தார் போன்றது ராம். பரணில் இருக்கும் நூல் மூட்டை போன்றது டிஸ்க். ராம் நிறைந்துவிட்டால் விண்டோஸ் ஒரு பகுதியை டிஸ்க்குக்கு மாற்றி, தேவைப்படும்போது திரும்ப எடுக்கும். ஒவ்வொன்றுக்கும் பரண் ஏறி இறங்கும் வேலை இது.

வடிவமைப்பு வேலைக்கு ராம் எவ்வளவு பிடிக்கும் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். பழைய புடவையின் முந்தானையில் ஏ4 அளவுள்ள ஒரு பகுதியை 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தால் ஏறத்தாழ 3.5 கோடி புள்ளிகள் கிடைக்கும். வண்ணப் படத்தில் ஒரு புள்ளிக்கு 3 பைட். ஆக 10 கோடி பைட்டுக்கு மேல், அதாவது சுமார் 100 எம்பி. ஜேபெக் கோப்பாக டிஸ்க்கில் சில எம்பி மட்டுமே பிடித்த படமும், திறந்தவுடன் ராமில் இந்த அளவுக்கு விரியும். நான்கு லேயர் வைத்தால் 400 எம்பி. செய்ததைத் திரும்பப் பெற மென்பொருள் வைத்துக்கொள்ளும் நகல்கள் அதற்கு மேல். 4 ஜிபி ராமில் பாதியை விண்டோஸே எடுத்துக்கொள்ளும் நிலையில், பிரவுசரும் கணக்கு மென்பொருளும் சேர்ந்து திறந்திருந்தால் திணறாமல் என்ன செய்யும்? இந்த வேலைக்கு 8 ஜிபி குறைந்தபட்சம். 16 ஜிபி இருந்தால் நிம்மதி.

வாங்கும் முன் இரண்டைப் பார்க்க வேண்டும். டிடிஆர்3 ராம் டிடிஆர்4 ஸ்லாட்டில் பொருந்தாது. விண்டோஸ் 32 பிட் பதிப்பாக இருந்தால் 4 ஜிபிக்கு மேல் போட்டும் பெரும்பாலும் பயனில்லை.

டிஸ்க்

சாதாரண ஹார்டு டிஸ்க்கின் தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி. வேண்டிய தகவல் படிக்கும் முனைக்கு அடியில் வருவதற்குச் சராசரியாக அரைச் சுற்று, முனை அந்த இடத்துக்கு நகர இன்னும் சில மில்லி விநாடி. ஆகவே சிதறிக் கிடக்கும் சிறு தகவல்களை விநாடிக்கு நூறு தடவை போலத்தான் அதனால் எடுக்க முடியும். எஸ்எஸ்டி-யில் சுழலும் பாகமே இல்லை; அதே வேலையை அது விநாடிக்குப் பல்லாயிரம் தடவை செய்யும். ஹார்டு டிஸ்க்கில் விண்டோஸ் ஓடும் பழைய கணினிக்கு ஒரே ஒரு செலவுதான் செய்ய முடியும் என்றால், அது எஸ்எஸ்டி-யாக இருக்கட்டும்.

டிஸ்க்கில் 15 சதவீத இடமாவது காலியாக இருக்க வேண்டும். சிதறிய தகவல்களை ஒன்றுசேர்க்கும் டிஃப்ராக் ஹார்டு டிஸ்க்குக்கு மட்டும், எஸ்எஸ்டி-க்குத் தேவையில்லை. பெட்டிக்குள்ளிருந்து ‘டக் டக்’ என்ற சத்தம் வந்தாலோ, கோப்புகள் திறக்க மறுத்தாலோ, டிஸ்க் சாகும் நிலையில் இருக்கலாம். வேறு எந்தச் சோதனைக்கும் முன் நகல் எடுத்துவிட வேண்டும்.

பின்னணி நிரல்களும் வைரஸும்

டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியில், கணினியோடு தாமே எழும் நிரல்களின் பட்டியல் இருக்கும். தினமும் பயன்படாதவற்றை டிஸேபிள் செய்யலாம். நிரல் அழியாது, வேண்டும்போது திறந்துகொள்ளலாம். இரண்டு ஆன்டிவைரஸ்கள் ஒரே கணினியில் இருந்தால் ஒவ்வொரு கோப்பையும் இரண்டும் சோதிக்கும். ஒன்றை நீக்க வேண்டும். கிராக் செய்த மென்பொருள் வைரஸ் நுழையும் முக்கிய வழி. சந்தேகம் இருந்தால் விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ கொடுக்க வேண்டும். அது விண்டோஸ் முழுதாக எழும் முன்பே சோதிப்பதால், ஒளிந்திருக்கும் வைரஸும் சிக்கும்.

சூடு

தறி ஓடும் வீட்டில் நூல் பிசிறு காற்றில் மிதக்கும். சிபியு ஃபேன் அதை உள்ளிழுக்கும். ஃபேனுக்கு அடியில், ஹீட் சிங்க் தகடுகளின் இடுக்கில், அது சாம்பல் நிறப் பஞ்சாகப் படிந்து காற்றை அடைத்துவிடும். பல பிராசஸர்கள் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கத்திரி வெயிலில் மட்டும் கணினி மெதுவாகிறது என்றால் இதுவே காரணமாக இருக்கலாம்.

சுத்தம் செய்யும் முன் மின்வயரைக் கழற்றிவிட வேண்டும். ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு புளோயரால் ஊத வேண்டும். பிடிக்காவிட்டால் காற்றின் வேகத்தில் சுழன்று கெட்டுப்போகலாம். ஹீட் சிங்க்கைக் கழற்றினால் பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புதிதாக வைக்க வேண்டும். பெட்டியைத் தரையில் வைக்காமல், சுவரிலிருந்து தள்ளி, மேசை மேல் வைப்பது நல்லது.

எப்போது புதியது வாங்கலாம்?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸர் வேண்டும். இவை இல்லாத கணினியில் கணக்கும் கடிதமும் மட்டும் போதுமென்றால் லினக்ஸ் ஏற்றலாம். சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸில் தமிழ் வசதியும் உண்டு. ஜக்கார்டு மென்பொருள் விண்டோஸில் மட்டுமே ஓடும் என்றால், அப்போது புதிய கணினிக்குச் செலவு செய்வது நியாயம்.

எந்தப் பழுதில் கை வைப்பதற்கு முன்பும் வடிவக் கோப்புகள் அனைத்தையும் வெளி டிஸ்க் ஒன்றிலும் பென் டிரைவ் ஒன்றிலும் நகலெடுத்து, இரண்டையும் வேறொரு கணினியில் திறந்து பார்த்துவிடுங்கள். ராமும் டிஸ்க்கும் கடையில் கிடைக்கும். வரைந்த வடிவம் கிடைக்காது.