செங்கல் ஒன்று, நூல் ஒன்று!

கொடை என்றதும் நம் நெஞ்சில் வந்து நிற்பவன் வல்வில் ஓரி. கொல்லிமலையை ஆண்டவன். பாடி வந்த பாணருக்கும் புலவருக்கும் வாரி வழங்கியவன். இன்று செம்மேட்டிலே சிலையாக நிற்கிறான். ஆடித் திங்கள் 17, 18 ஆகிய நாட்களில் அரசே அவனுக்கு விழா எடுக்கிறது. மகிழ்கிறோம்; மாலையிடுகிறோம்.

ஆனால் தோழர்களே, மன்னன் கொடுத்தது புலவனின் பசியைத் தீர்த்தது. மக்கள் ஆளுக்கொரு காசு போட்டால் ஓர் ஊரின் அறிவுப் பசியே தீரும். அந்தக் கொடையைப் பற்றித்தான் இன்று பேசுகிறோம்.

ஊருக்கு ஊர் பழங்கட்டிடங்கள் பூட்டிக் கிடக்கின்றன. சத்திரமாக இருந்தவை, கச்சேரியாக இருந்தவை, பள்ளியாக இருந்தவை! உள்ளே வௌவால் குடியிருக்கிறது. பக்கத்துத் தெருவிலோ, நூலகம் என்ற பெயரில் ஒரு சின்ன அறை. நூல்கள் மூட்டையாக, வாசகர்கள் திண்ணையிலே! அந்தப் பழங்கட்டிடத்தைச் செப்பனிட்டு நூலகத்தைக் குடியேற்றினால் வரலாறும் பிழைக்கும், படிப்பும் தழைக்கும். இதற்கு வேண்டியது நிதி. நிதிக்கு வேண்டியது மக்கள்.

"வரி கட்டுகிறோமே, உண்டியல் வேறு எதற்கு?" என்று மிளகுக் கொடிக்குத் தண்ணீர் ஊற்றும் தோழர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. விடை சொல்லுமுன், கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில் நடந்ததைப் பாருங்கள்.

1933ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். க. மு. செல்லப்பா, நீதிமன்றத்தில் வேலை பார்த்தவர். ஜமீன்தார் அல்லர், மிட்டாதார் அல்லர். ஊருக்குப் பொதுவாக இலவச நூலகம் ஒன்று வேண்டும் என்று அறிக்கை விடுத்தார். ஊர் செவி சாய்த்தது. 1934 ஆகஸ்ட் 1ஆம் நாள் ஆஸ்பத்திரி வீதியில், வாடகை அறையில், நூலகம் பிறந்தது. இருந்த நூல்கள் எத்தனை? 844! மறு ஆண்டே நகர ஆட்சி அதை ஏற்றுக்கொண்டது.

அறை போதவில்லை. சொந்தக் கட்டிடம் வேண்டும் என்று 1952இல் பெருமுயற்சி தொடங்கிற்று. பணத்துக்கு என்ன செய்தார்கள்? களியாட்ட விழா நடத்தினார்கள். பரிசுச் சீட்டு விற்றார்கள். ராட்டினம் ஏற வந்தவன் காசும், சீட்டு வாங்கியவன் காசும் சுவராக எழுந்தன. நூலக அறிஞர் எஸ். ஆர். அரங்கநாதன் ஆலோசனை தந்தார். சென்னை அரசின் கட்டிடக் கலைஞர் நரசிம்மன் வரைபடம் தந்தார். 1954 மார்ச் 29இல் அடிக்கல். 1959 அக்டோபர் 11இல் திறப்பு.

1981! மே 31 இரவு தொடங்கி ஜூன் 1 விடிவதற்குள் அந்த மாளிகையைத் தீ தின்றது. தானாகப் பற்றிய தீயா? இல்லை, வைத்த தீ! ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. தமிழன் இருக்கும் இடமெல்லாம் நெஞ்சு எரிந்தது.

அந்தக் கட்டிடத்தை மீட்கும் வேலை 1998இல் தொடங்கியது. அப்போது எழுந்த முழக்கந்தான் ஒரு செங்கல், ஒரு நூல் என்பது. தென்னிலங்கைச் சிங்கள மக்களிடமும் கேட்டார்கள். சுவர் எழுந்தது, வெள்ளை மாளிகை மீண்டும் நின்றது. ஆயினும் 2003இல் திறப்பு விழா வந்தபோது பூசல் மூண்டது, விழா நின்றது. எரிந்த வடுவை வெள்ளையடித்து மறைப்பதா, சாட்சியாக விட்டு வைப்பதா என்று கேட்டவர்கள் உண்டு. யார் எப்போது திறப்பது என்று மோதியவர்களும் உண்டு. பின்னரே வாசகர்கள் உள்ளே நுழைந்தனர்.

இதில் நமக்குள்ள பாடம் என்ன? கட்டிடத்தைப் புதுப்பிக்கப் பணம் போதும். நூலகத்தைப் புதுப்பிக்க ஊர் வேண்டும். காசு கொடுத்தவனுக்குத்தான் கேள்வி கேட்கும் உரிமை உறுதிப்படுகிறது. உண்டியல் பணத்துக்கு மட்டுமன்று, உரிமைக்கும்!

அதற்காக அரசின் கடமையை நாம் தள்ளுபடி செய்யவில்லை. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில் பிறந்தது. அதன்படி சொத்துவரியோடு நூலக வரியும் வசூலாகிறது. இன்று அது வரியில் நூற்றுக்குப் பத்து. வசூலித்த உள்ளாட்சிகள் அதை நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்தாமல் நிலுவை வைப்பதும் உண்டு. நம் ஊராட்சியின் நிலுவை எவ்வளவு? கிராம சபையில் எழுந்து கேளுங்கள்! அது சலுகையன்று, நம் காசு.

வழிகள் வேறும் உண்டு. ஆயிரம் ரூபாய் கொடுத்து நூலகப் புரவலர் ஆகலாம். ஒருவரால் இயலாதா? பத்துத் தோழர்கள் ஆளுக்கு நூறு போட்டு, ஊரின் மூத்த தொழிலாளி ஒருவர் பெயரில் கட்டுங்கள். 1997இல் கலைஞர் ஆட்சியில் பிறந்து 2021இல் மீண்டும் உயிர்பெற்ற நமக்கு நாமே திட்டம் இருக்கிறது. மக்கள் ஒரு பங்கு திரட்டினால், மீதியை அரசு போடும் திட்டம் அது.

நிதி திரட்டப் புறப்படுமுன் மூன்று வேலைகள். ஒன்று: பொறியாளரைக் கூப்பிட்டுப் பழங்கட்டிடத்தைச் சோதியுங்கள். வீட்டுத் தளம் சதுர மீட்டருக்கு 200 கிலோ தாங்கினால் போதும். நூல் அடுக்கும் அறைக்கோ 600 கிலோ தாங்கும் வலிமை வேண்டும். இரண்டு: மலைக்காற்றில் ஈரம் மிகுதி. ஓட்டில் ஒழுக்கும் சுவரில் கசிவும் கரையான் புற்றும் இருந்தால், முதல் காசு அங்கேதான் செலவாக வேண்டும், வண்ணப்பூச்சு கடைசி! மூன்று: வந்த காசு, போன காசு இரண்டையும் மாதந்தோறும் வாசலில் எழுதி ஒட்டுங்கள். கணக்குத் தெரிந்த ஊர் கை சுருக்காது.

செம்மேட்டு இளைஞனுக்கு இதில் என்ன என்கிறீர்களா? போட்டித் தேர்வு நூல் ஒன்றைப் புரட்ட அவன் 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிப் போகும் நிலை வரலாமா? பேருந்துக் கட்டணம் போகும், ஒரு நாள் கூலியும் போகும். சமவெளிப் பிள்ளை தெருமுனையில் படிப்பதை, மலைப்பிள்ளை மலை இறங்கித்தான் படிக்க வேண்டுமென்றால், அதற்குப் பெயர் சமநீதியா?

நம் இயக்கம் எங்கே வளர்ந்தது? படிப்பகத்திலே! எழுத்தறிந்த ஒருவன் ஏட்டை உரக்கப் படிக்க, எழுத்தறியாத பத்துப் பேர் சூழ்ந்து கேட்ட தேநீர்க் கடையிலே! அங்கே கேட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பட்டம் படிக்கிறார்கள். அந்த வழியில் வந்த நாம், நூலகத்துக்குக் கையேந்த நாணலாமா?

சோளக்காட்டுச் சந்தைக்குப் பலா சுமந்து வரும் தோழரே, ஒரு பழத்தின் விலையை ஒதுக்குங்கள். கூலிக்குப் போகும் தோழரே, ஒரு தேநீர்க் காசை ஒதுக்குங்கள். ஓரி தேர் கொடுக்கலாம், யானை கொடுக்கலாம், அவன் மன்னன். நாம் கொடுக்க வேண்டியது செங்கல் ஒன்று, நூல் ஒன்று. கொடுத்தபின் அந்த வாசலில் நிமிர்ந்து நுழைவோம், வீட்டுக்குள் நுழையும் உரிமையோடு!