தீர்வை குறைந்தால் மட்டும் போதுமா?
வர்த்தக உடன்படிக்கைகளும் உணவுத் தரமும்

வலங்கைமான் வட்டத்துக் குடியானவர் தம் நெல்லை நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுசென்றால், அங்கே முதலில் சோதிக்கப்படுவது நெல்லின் ஈரமே. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேற்படலாகாது என்பது பொது விதி. விலை முன்னதாகவே நிர்ணயிக்கப்பட்டிருப்பினும், விதிக்கு உட்படாத நெல்லுக்கு அவ்விலை கிட்டுவதில்லை. தேசங்களுக்கிடையே நடைபெறும் வியாபாரமும் இத்தன்மையதே. சுங்கத் தீர்வை எவ்வளவு குறைந்தாலும், வாங்கும் தேசத்தின் உணவுத் தர விதிக்கு உட்படாத சரக்கு துறைமுகத்திலேயே நின்றுவிடும். வர்த்தக உடன்படிக்கைகளைப்பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் தீர்வையையே பேசுகின்றனர். தர விதியை வகுப்பவர் யார், அது உள்நாட்டாருக்கும் அன்னியருக்கும் ஒன்றுபோலப் பொருந்துகிறதா என்பவையும் குடியானவர் கேட்டறிய வேண்டிய கேள்விகளாம்.

பிரிட்டனில் நடந்த விவாதம்

பிரிட்டன் 2020-ம் வருஷம் ஜனவரி 31-ந் தேதி ஐரோப்பிய யூனியனிலிருந்து விலகிற்று. அதுவரை அத்தேசத்தின் தீர்வைகளும் உணவுத் தர விதிகளும் யூனியனுக்குப் பொதுவாகவே வகுக்கப்பட்டு வந்தன. விலகியபின் அமெரிக்காவுடன் தனித்து உடன்படிக்கை செய்துகொள்ளும் பேச்சு எழவே, அந்நாட்டு விவசாயிகள் கலக்கமுற்றனர். குளோரின் கலந்த நீரில் கழுவிய கோழி இறைச்சியும், ஹார்மோன் மருந்து ஏற்றி வளர்த்த மாட்டிறைச்சியும் பிரிட்டனில் விலக்கப்பட்டவை. அமெரிக்காவில் அவை அனுமதிக்கப்பட்டவை. “எங்களுக்கு விலக்கப்பட்ட முறையில் உற்பத்தியான சரக்கு மலிவாக உள்ளே வருமாயின், சட்டத்துக்கு அடங்கி நடப்பவர்க்கே நஷ்டம் அன்றோ?” என்பது அவர்களது வாதம். தேசிய விவசாயிகள் சங்கம் 2020-ல் நடத்திய விண்ணப்பத்தில் பத்து லட்சம் பேருக்கு மேல் கையொப்பமிட்டனர்.

இதற்கு மறுப்புக் கூறியோரும் உண்டு. தரம் என்ற பெயரால் இறக்குமதியைத் தடுத்தால் உணவின் விலை ஏறி ஏழைகள் இன்னலுறுவர் என்றும், ஒரு தேசத்தின் சாகுபடி முறையைப் பிற தேசத்தின்மேல் சுமத்துவது நியாயமன்று என்றும் அவர்கள் கூறினர். முடிவில், 2020-ம் வருஷத்திய விவசாயச் சட்டத்தில் ஓர் ஏற்பாடு சேர்க்கப்பட்டது. மனிதர், கால்நடை, பயிர் ஆகியவற்றின் பாதுகாப்புக்கென அந்நாட்டில் உள்ள சட்டங்களுக்குப் புதிய உடன்படிக்கை இசைந்ததா என்று சர்க்கார் பார்லிமெண்டுக்கு அறிக்கை அளித்தல் வேண்டும் என்பதே அது. இதில் யோசனை கூற வர்த்தக விவசாயக் கமிஷன் ஒன்றும் ஏற்பட்டது. ஆஸ்திரேலியாவுடன் செய்த உடன்படிக்கை 2023-ம் வருஷம் மே 31-ந் தேதி அமுலுக்கு வந்தது. அதுபற்றி, முன்னாள் விவசாய மந்திரி ஜார்ஜ் யூஸ்டிஸ், அது தம் நாட்டுக்கு அத்துணை நல்ல ஒப்பந்தமன்று என்று 2022 நவம்பரில் பார்லிமெண்டிலேயே கூறியது கவனிக்கத்தக்கது.

இந்தியாவும் பிரிட்டனும் 2025-ம் வருஷம் ஜூலை 24-ந் தேதி வர்த்தக உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. அதில் பிரிட்டன் தீட்டிய அரிசி, சர்க்கரை, கோழி இறைச்சி, முட்டை முதலியவற்றைச் சலுகைக்குப் புறம்பாக நிறுத்திக்கொண்டது. இந்தியாவும் பால் பொருள்கள், ஆப்பிள் முதலியவற்றை அவ்வாறே நிறுத்திற்று. தத்தம் குடியானவரின் முக்கியமான விளைபொருளை இரு சர்க்கார்களுமே காத்துக்கொண்டன என்பது இதனால் விளங்கும்.

நெல்லும் மருந்தின் எச்சமும்

தீர்வையை உயர்த்தாமலே வியாபாரத்தைத் தடுக்கத் தர விதியால் இயலும் என்பதற்கு அரிசியே தக்க சான்று. நெற்பயிரின் குலைநோய்க்கு டிரைசைக்ளசோல் என்னும் மருந்து டெல்டாவில் நெடுநாளாக வழங்கி வருகிறது. அரிசியில் அதன் எச்சம் கிலோவுக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்றிருந்த ஐரோப்பிய யூனியன், 2017-ம் வருஷத்திய விதியால் அதனை 0.01 மில்லிகிராமாகக் குறைத்துவிட்டது. அதாவது, 100 கிலோ அரிசியில் 1 மில்லிகிராமுக்கு மேல் மருந்து காணப்படலாகாது. பாஸ்மதி அரிசியை ஏற்றுமதி செய்த வடநாட்டுக் குடியானவர்கள் இதனால் பெரிதும் இடர்ப்பட்டனர். பஞ்சாப் சர்க்கார் 2023-ம் வருஷம் பாஸ்மதிப் பயிருக்கென டிரைசைக்ளசோல் உள்ளிட்ட 10 மருந்துகளின் விற்பனையை 60 நாட்களுக்குத் தடுத்து வைத்தது.

டெல்டா நெல்லின் பெரும்பகுதி உள்நாட்டிலேயே உண்ணப்படுவதால் இது நமக்குப் புறம்பான விஷயம் என்று எண்ணலாகாது. 2006-ம் வருஷத்திய உணவுப் பாதுகாப்பு, தரநிர்ணயச் சட்டத்தின்கீழ் உள்நாட்டில் விற்கும் தானியத்துக்கும் மருந்து எச்சத்தின் வரம்புகள் உண்டு. அன்றியும், அவ்வரிசியை முதலில் உண்போர் குடியானவரின் குடும்பத்தாரே.

உளுந்தும் இறக்குமதியும்

நெல்லில் நாம் விற்போர். பயறு வகைகளிலோ அன்னியச் சரக்குடன் போட்டியிடுவோர். சம்பா, தாளடி அறுவடைக்குச் சில நாட்கள் முன்னர் நின்ற பயிரிலே உளுந்தும் பயறும் தெளித்து, வயலில் எஞ்சிய ஈரத்தையும் பனியையும் கொண்டே விளைவிப்பது காவிரிப் படுகையின் பழமையான வழக்கம். மத்திய சர்க்கார் 2021-ம் வருஷம் மே 15-ந் தேதி முதல் உளுந்து இறக்குமதிக்கு இருந்த அளவுக் கட்டுப்பாட்டை நீக்கிற்று. அதனை அடுத்து, 2021-22 முதல் 2025-26 வரை ஆண்டுதோறும் 2,50,000 டன் உளுந்து தருவித்துக்கொள்ள மியான்மருடன் ஏற்பாடு செய்தது. பட்டணத்தில் உண்போர்க்கு இது ஆறுதலே. ஆயின் பங்குனி, சித்திரையில் உளுந்தைக் களத்தில் குவித்திருக்கும் குடியானவருக்கு விலையைப்பற்றிய கவலையாகும்.

பிரிட்டிஷ் விவசாயிகள் எழுப்பிய கேள்வி இங்கும் எழுந்ததுண்டு. கனடா முதலிய சில தேசங்களில் பயறு வகைகளை அறுவடைக்குமுன் உலர்த்துவதற்குக் கிளைபோசேட் என்னும் களைக்கொல்லி தெளிக்கப்படுகிறது. இந்நாட்டிலோ அம்மருந்து பயறு வகைகளுக்கு அனுமதிக்கப்பட்டதன்று. இறக்குமதியாகும் பயறுகளில் இதன் எச்சத்தைச் சோதிக்குமாறு 2018 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு, தரநிர்ணய ஆணையம் உத்தரவிட்டது. உள்நாட்டு வரம்பு அப்பொழுது ஏற்படாமையால், கோடெக்ஸ் என்னும் சர்வதேச உணவு விதிகளின் வரம்பே அளவுகோலாயிற்று. மியான்மர் உளுந்துக்கு இக்குற்றம் சாற்றப்படவில்லை. எனினும், உள்நாட்டில் அனுமதியில்லாத முறையில் விளைந்த சரக்கு எவ்வரம்பு வரை உள்ளே வரலாம் என்பதை நாமே முன்கூட்டி வகுத்தல் அவசியம் என்பது இதனால் பெறப்படும்.

1995 முதல் அமுலிலுள்ள உலக வர்த்தக ஸ்தாபனத்தின் சுகாதார ஒப்பந்தமும் இதற்கு இடந்தருகிறது. சாஸ்திர ஆதாரம் இருப்பின் எத்தேசமும் தன் தரத்தை உயர்த்திக்கொள்ளலாம். வியாபாரத்தை மறைமுகமாகத் தடுப்பதற்கு மட்டும் அதனை உபயோகிக்கலாகாது.

செய்யத்தக்கவை

1. குலைநோய்க்கு மருந்து ஒன்றையே நம்பாமல், நோய் தாங்கும் ரகங்களைத் தேர்தல், விதை நேர்த்தி செய்தல், தழைச்சத்தைப் பகுத்து இடுதல் ஆகியவற்றை முதலில் கைக்கொள்க. நோய் கண்டபின் தெளிப்பதாயின், புட்டியிலோ பொட்டலத்திலோ குறித்துள்ள அளவையும், தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே கழியவேண்டிய நாட்களையும் மீறற்க. கதிர் வந்தபின் காலந்தாழ்த்தித் தெளிக்கும் மருந்தே தானியத்தில் மிகுதியாகத் தங்கும்.

2. ஒவ்வொரு வயலுக்கும் மருந்தின் பெயர், அளவு, தெளித்த தேதி, அறுவடைத் தேதி ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிவைத்து, கடை ரசீதையும் சேர்த்து வைக்க. தரத்தைப்பற்றி ஐயம் எழுங்கால் குடியானவருக்கு இதனினும் நல்ல சாட்சி வேறில்லை.

3. உளுந்தை வெயிலில் நன்கு உலர்த்தி, கல்லும் மண்ணும் நீக்கி விற்பனைக்குக் கொணர்க. பயிரை உலர்த்த எம்மருந்தும் தெளித்தலாகாது.

4. மழைக்காலத்துக் குறுவை அறுவடையில் ஈர விதியைக் காப்பது தனி மனிதரால் ஆவதன்று. 2022 அக்டோபரில் மழை காரணமாக ஈர வரம்பு 19 சதவீதமாகத் தளர்த்தப்பட்டது. ஆயினும் ஆண்டுதோறும் தளர்வை எதிர்பார்த்திருத்தல் நிலையான வழியன்று. சிமெண்டுக் களம், தார்ப்பாய், உலர்த்தும் இயந்திரம் ஆகியவற்றைப் பஞ்சாயத்தும் கூட்டுறவுச் சங்கமும் பொதுவில் தேடிவைத்தல் நலம்.

5. உணவுத் தர விதிகளின் நகலை வெளியிட்டு, பொதுமக்களின் ஆட்சேபங்களையும் யோசனைகளையும் சர்க்கார் கோருவதுண்டு. கிராம அதிகாரிகள் அத்தகைய அறிவிப்புகளைக் குடியானவர்க்கு உரிய காலத்தில் படித்துக் காட்டி, அவர்களது சாகுபடி விவரங்களையும் விலை விவரங்களையும் திரட்டி மேலிடத்துக்கு அனுப்புவித்தல் வேண்டும்.

பிரிட்டிஷ் விவசாயிகள் தாங்கள் கேட்டவை அனைத்தையும் பெற்றனர் என்று சொல்ல இயலாது. எனினும், உடன்படிக்கை ஒவ்வொன்றும் தரத்தைப்பற்றிய அறிக்கையுடன் பார்லிமெண்டின்முன் வரவேண்டும் என்ற நிலையை அவர்களது ஒற்றுமையும் இடைவிடாத முயற்சியும் உண்டாக்கின. தரம் என்பது வெளியார் வைத்த தடை மட்டுமன்று. தன் விளைபொருளின் தூய்மையை எழுத்தால் மெய்ப்பிக்க வல்ல குடியானவருக்கு, அதே தரத்தை உள்ளே வரும் சரக்குக்கும் கோருகின்ற உரிமை உண்டு.