செஸ்ட்நட்: கீறிவிட்டு வேக வையுங்கள், சூட்டோடு உரியுங்கள்

பினாங்கில் பாசார் மாலாமுக்குப் போனால், பெரிய வாணலியில் கரிய பொடிக்கற்களோடு சேர்ந்து வறுபடும் செஸ்ட்நட்டின் வாசம் தூரத்திலேயே வந்துவிடும். மலாய்க்காரர்கள் இதை ‘பெராங்கான்’ என்பார்கள். காட்டோரத் தோட்டங்களில் வளர்ந்தவர்கள் இதன் உறவான காட்டுப் பெராங்கானையும் அறிந்திருப்பார்கள். சாலையோரத்தில் வறுத்து விற்பது பெரும்பாலும் சீனாவில் இருந்து வருவது. அங்கே செப்டம்பர், அக்டோபர் மாதங்களில்தான் அறுவடை.

வறுத்ததை விரும்பி வாங்கும் நம்மவர்களில் பலர், பச்சையாக வாங்கி வீட்டில் வேக வைத்தால் சலித்துப்போகிறார்கள். மேல் ஓடு கழன்றுவிடும். உள்ளே ஒட்டிய பழுப்புத் தோல் மட்டும் வராது. நகத்தால் சுரண்டினால் பருப்பு உதிர்ந்து பாதி குப்பைக்குப் போகும்.

இதைக் கச்சாங் போல நினைப்பதுதான் சிக்கல். கச்சாங்கிலும் முந்திரியிலும் எண்ணெய் அதிகம், ஈரம் குறைவு. செஸ்ட்நட்டில் கொழுப்பு மிகக் குறைவு. பச்சைக் கொட்டையில் கிட்டத்தட்ட பாதி தண்ணீர், மீதியில் பெரும்பங்கு மாவுச்சத்து. நமக்குத் தெரிந்த பலாக்கொட்டையும் அப்படித்தான். கீறாமல் அடுப்பில் போட்ட பலாக்கொட்டை ‘டப்’பென்று வெடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இனி சொல்வது எளிதாகப் புரியும்.

வாங்குவதும் வைப்பதும்

சௌராஸ்தா சந்தையோ பேரங்காடியோ, எங்கே வாங்கினாலும் கையில் கனமாக, பளபளப்பாக இருப்பதை எடுங்கள். விரலால் அழுத்தும்போது ஓடு உள்ளே அமுங்கினால் பருப்பு காய்ந்து சுருங்கிவிட்டது. ஊசித்துளை இருந்தால் உள்ளே புழு இருக்கும். வீட்டில் தண்ணீரில் போட்டுப் பார்த்து, மிதப்பதை ஒதுக்கிவிடுங்கள். நம் ஊர் வெக்கையில் வெளியே வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். காகிதப் பையில் சுற்றிக் குளிர்பெட்டியில் காய்கறித் தட்டில் வையுங்கள்.

கீறுவது

தட்டையான பக்கம் கீழே இருக்கும்படி ஒரு துணிமேல் வைத்து, மேடான பக்கத்தில் குறுக்காக ஒரு கீறல் போடுங்கள். பல் வைத்த கத்தி வழுக்காது. ஓட்டோடு உள்தோலும் அறுபட வேண்டும். இது உரிப்பதற்கு மட்டுமல்ல, பாதுகாப்புக்கும்தான். சூட்டில் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகும். வெளியேற வழி இல்லாவிட்டால் கொட்டை வெடித்து முகத்திலும் கையிலும் தெறிக்கும். ஓவன், ஏர் ஃபிரையர், மைக்ரோவேவ் எதில் வைத்தாலும் கீறாமல் வைக்காதீர்கள்.

வேக வைப்பது

கீறியதை அரை மணி நேரம் ஊற வையுங்கள். பிறகு உப்புப் போட்ட தண்ணீரில், கொதி வந்தபின் 15 முதல் 20 நிமிடம் வேக விடுங்கள். சுட்டது வேண்டுமானால் ஓவனில் 200 பாகை செல்சியஸில் ஏறக்குறைய 20 நிமிடம் போதும். கீறல் விரிந்து பருப்பு எட்டிப் பார்த்தால் பதம்.

உரிப்பது

பலர் கோட்டை விடுவது இங்கேதான். எல்லாவற்றையும் வடிகட்டி ஆற வைத்தால், உள்தோல் காய்ந்து மறுபடி பருப்போடு ஒட்டிக்கொள்ளும். ஐந்தாறு மட்டும் கரண்டியால் எடுத்து, மற்றவை வெந்நீரிலேயே கிடக்கட்டும். எடுத்ததைத் தடித்த துணியில் சுற்றி லேசாக நெரித்து, கை பொறுக்கும் சூட்டில் உரித்தால் ஓடும் உள்தோலும் சேர்ந்தே வரும். அடம்பிடிப்பதைக் கொதிநீரில் இரண்டு நிமிடம் மறுபடி போட்டு எடுங்கள். சுட்டதையும் சூடாகவே துணியில் மூடி வைத்து, ஒவ்வொன்றாக எடுத்து உரியுங்கள்.

உரித்த பருப்பைப் பலாக்கொட்டை போலவே பொரியலுக்கும் குழம்புக்கும் போடலாம். சீனர்கள் கோழியோடு சேர்த்து வேக வைப்பார்கள். நம் கோழிக் குழம்பிலும் உருளைக்கிழங்குக்குப் பதில் சேரும்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

‘நட்ஸ் உடம்புக்கு நல்லது’ என்று நீரிழிவுக்காரர்கள் இதைக் கைநிறைய அள்ளிவிடக் கூடாது. 100 கிராம் பருப்பில் சுமார் 50 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. அது ஏறக்குறைய ஒரு கோப்பைச் சோற்றுக்குச் சமம். 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு. இனவாரியாக இந்தியர்களிடம்தான் அதிகம். செஸ்ட்நட் சாப்பிடும் வேளையில் சோற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ரப்பர் கையுறை அணிந்தால் அரிப்பு, தடிப்பு வருபவர்களில் சிலருக்கு வாழைப்பழம், கிவி, அவகாடோவோடு செஸ்ட்நட்டும் ஒவ்வாது. ரப்பர் பாலில் உள்ளவற்றை ஒத்த புரதங்கள் இவற்றிலும் இருப்பதே காரணம். தின்றபின் உதடு வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.