மாத்திரை தவறுவது ஏன்?



எச்.ஐ.வி. கிருமி மலேசியாவில் முதன்முதலாக 1986-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. அன்று கைகொடுக்க மருந்தில்லை. இன்று உண்டு. 2006 முதல் அரசாங்க மருத்துவமனைகளில் முதல்நிலை மருந்துகள் மலேசியக் குடிமக்களுக்கு இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால், மருந்து கிடைப்பது வேறு; அதை நாள் தவறாமல் சாப்பிடுவது வேறு.

தவறினால் என்ன? தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடிப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அரைகுறையாக அடித்தால் வலுவான புல் பிழைத்துக்கொள்ளும். அதுவே மீண்டும் படரும். பிறகு அதே மருந்துக்கு அது அசையாது. இரத்தத்தில் மருந்தின் அளவு அடிக்கடி குறைந்தால், கிருமியும் அப்படித்தான் மருந்தை எதிர்த்து நிற்கப் பழகிவிடும்.

பிறகு ஏன் தவறவிடுகிறார்கள்? உடம்பு தேறியதும் “இனி எதற்கு மாத்திரை?” என்று தோன்றுவது ஒரு காரணம். பீடோங், பாடாங் செராய் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து சுங்கை பட்டாணிக்கோ அலோர் ஸ்டாருக்கோ போய்வந்தால் ஒருநாள் சம்பளம் போய்விடலாம். கூலிம் தொழிற்சாலையில் வேலைநேரம் வாரத்துக்கு வாரம் மாறினால், சாப்பிடும் வேளையும் மாறிப்போகும். குடிப்பழக்கம் இருந்தாலோ நேரம் நினைவில் நிற்காது.

இவை எல்லாவற்றையும்விடக் கொடியது, ஒளிவுமறைவு. திருவிழாவுக்கு உறவினர் வந்தால் மாத்திரைப் புட்டி துணிகளுக்கு அடியில் போய்விடும். அன்றைய வேளையும் தவறிவிடும். ஊரார் வாய்க்கு அஞ்சியே சிலர் மருத்துவமனைப் பக்கம் போவதில்லை.

நேயர்களே, ஒரே தட்டில் உண்பதாலோ, ஒரே வீட்டில் வாழ்வதாலோ, தொட்டுப் பேசுவதாலோ இக்கிருமி பரவாது. ஒழுங்காக மருந்துண்டு, பரிசோதனையில் தென்படாத அளவுக்குக் கிருமி அடங்கி, அப்படியே நீடித்தால், உடலுறவின் வழியாகக்கூடப் பரவாது. தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2018-இல் உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவுக்குச் சான்றளித்தது. கர்ப்பிணிகளுக்குச் செய்யப்படும் இரத்தப் பரிசோதனையும், தாய்மார் ஒழுங்காகச் சாப்பிட்ட மருந்துமே அதற்குக் காரணம்.

ஆகவே, வீட்டில் நம்பிக்கைக்குரிய ஒருவராவது விவரம் அறிந்திருப்பது நல்லது. பல் துலக்கும் வேளை, இரவுச் சோற்று வேளை என்று அன்றாடப் பழக்கம் ஒன்றோடு மாத்திரையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தவறிய மாத்திரைக்கு ஈடாக இரண்டை ஒன்றாக விழுங்காதீர்கள். தலைச்சுற்றல், வாந்தி வந்தால் நீங்களாகவே நிறுத்தாதீர்கள். மருத்துவரிடம் சொல்லுங்கள், மருந்தை மாற்றித் தர வழியுண்டு. நாட்டு மருந்து, சத்து மாத்திரை சாப்பிடுவதையும் அவரிடம் மறைக்க வேண்டாம்.

நோயாளியைத் திட்டி மாத்திரை கொடுக்க முடியாது. “சாப்பிட்டாச்சா?” என்று அன்போடு கேட்கும் ஒரு குரல் வீட்டில் இருந்தால், அதுவே பாதி மருந்து.