பிரசவத்துக்குப் பின் இடுப்படித் தொல்லைகள்: ஸ்கேன் எப்போது தேவை?

இடுப்பெலும்புக் கூட்டின் அடியில் தூளிபோல் விரிந்திருக்கும் தசைகள் சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குகின்றன. நார்மல் டெலிவரியில், அதிலும் ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுக்கும்போது, இவை மிகவும் இழுபடும். சிலருக்கு எலும்போடு ஒட்டும் இடத்திலிருந்தே பிய்ந்துவிடும். தும்மினால் சொட்டும் சிறுநீர், அடியில் ஏதோ இறங்கி நிற்பது போன்ற கனம், வாயுவை அடக்க முடியாமை எல்லாம் இதனால் வரலாம். ‘பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான்’ என்ற பேச்சில் பல வருடம் இவை மூடிக் கிடப்பதுதான் கொடுமை.

பெரும்பாலும் இவற்றுக்கு ஸ்கேன் வேண்டாம். இருமச் சொல்லியும் முக்கச் சொல்லியும் மருத்துவர் செய்யும் நேரடிப் பரிசோதனையே போதும். முதல் சிகிச்சை, குறைந்தது 3 மாதம் முறையாகச் செய்யும் இடுப்படித் தசைப் பயிற்சி.

மலம் கசிந்தால் கதை வேறு. ஆசனவாய்க்குள் மெல்லிய கருவியை வைத்து எடுக்கும் அல்ட்ராசவுண்டில் சுருக்குத்தசை வட்ட வளையமாகத் தெரியும். கிழிந்த இடத்தில் வளையம் அறுபட்டிருக்கும். தையல் போட்டபோது கண்ணுக்குத் தப்பிய கிழிசலும் இதில் அகப்படும். சிறுநீர் கழித்த பின்னும் பை நிறைந்தே இருக்கிறதா என்பதை வயிற்றின் மேல் எடுக்கும் ஸ்கேன் சொல்லிவிடும்.

படுக்கையில் புரளும்போது முன்பக்க இடுப்பெலும்பு சுளீரென்று வலித்தால் எக்ஸ்ரே எடுப்பதுண்டு. அங்குள்ள இடைவெளி சாதாரணமாக 4, 5 மி.மீ.தான், 10 மி.மீ.யைத் தாண்டினால் மூட்டு விலகியிருக்கிறது. பல உறுப்புகள் சேர்ந்து இறங்கியிருந்தால், அறுவை சிகிச்சைக்கு முன் எம்.ஆர்.ஐ. உதவும்.

காய்ச்சல், துர்நாற்றமுள்ள கசிவு, மணிக்கொரு பேட் நனையும் உதிரப்போக்கு, சிறுநீரே பிரியாமை ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உதிரப்போக்கு நிற்காவிட்டால், நஞ்சுத் துண்டு கருப்பைக்குள் தங்கியிருக்கிறதா என்று அல்ட்ராசவுண்டில் பார்ப்பார்கள்.