வினிகரில் வெளுக்கும் திட்டு

2000 முதல் 2003 வரை திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் செவிலியர்கள் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான ஒரு சோதனை செய்தார்கள். 30 முதல் 59 வயதுப் பெண்களின் கருப்பை வாயில் 4 சதவீத அசிட்டிக் அமிலத்தை, ஏறக்குறைய நம் ஊறுகாய் வினிகரைத்தான், தடவி ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார்கள். கோளாறு தொடங்கிய இடம் வெள்ளையாகத் திட்டுக் கட்டும்.

அங்கே செல்கள் ஓயாமல் பிரிந்து, பெருத்த உட்கருவோடு நெருக்கியடித்து நிற்கின்றன. அமிலம் பட்டதும் அவற்றின் புரதம், வெந்த முட்டையின் வெள்ளைக்கருபோலச் சற்று நேரம் வெளுக்கிறது.

ஓயாமல் பிரியச் சொன்னது யார்? ஈ2எஃப் என்னும் படியெடுப்புக் காரணி. மரபணுவின் முகப்பில் போய் உட்கார்ந்து அதை வேலைக்கு எழுப்பும் புரதங்களுக்குத்தான் படியெடுப்புக் காரணி என்று பெயர். ஈ2எஃப் எழுப்புவது டிஎன்ஏவை இரட்டிப்பாக்கும் மரபணுக்களை. அதனால் சும்மா இருக்கும் செல்லில் ஆர்பி என்ற புரதம் அதை இறுகப் பிடித்து வைத்திருக்கும். ஆத்தூர்ப் பக்கம் கண்மாய் மடையில் பலகை இறங்கியிருப்பதுபோல. வளர உத்தரவு வந்தால் சைக்ளின் என்ற புரதமும் அதன் கூட்டாளி நொதியும் ஆர்பியில் பாஸ்பேட்டை ஒட்டும். பிடி தளரும், ஈ2எஃப் பாயும். வேலை முடிந்ததும் பலகை மறுபடி இறங்கிவிடும்.

கருப்பை வாயில் தொற்றும் மனித பாப்பிலோமா வைரஸ் அந்தப் பலகையையே பிடுங்கிவிடுகிறது. தன்னைப் பெருக்கிக்கொள்ள அதற்கு நம் செல்லின் டிஎன்ஏ பட்டறை வேண்டும். புற்றுநோய் உண்டாக்கும் வைரஸ் வகைகளில் ஈ7 என்ற புரதம் ஆர்பியைக் கவ்விச் சிதைக்கிறது. ஈ6, கோளாறான செல்லைத் தடுக்கும் பி53 என்ற இன்னொரு படியெடுப்புக் காரணியைத் தீர்த்துக்கட்டுகிறது. நல்லவேளை, பெரும்பாலான தொற்று தானே போய்விடும். தங்கிவிட்டாலும் புற்றாக முற்றப் பல வருடமாகும். வினிகருக்கு வேலை அந்த இடைவெளியில்தான்.

அம்பிளிக்கை சமூக நல மையமும் பிரான்ஸிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் சேர்ந்து நடத்தியதுதான் அந்தத் திண்டுக்கல் ஆய்வு. 57 தொகுதிகளில் 31,343 பெண்களுக்குச் சோதனை நடந்தது. மற்ற 57 தொகுதிகள் ஒப்பீட்டுக்காக, வழக்கமான மருத்துவத்தோடு மட்டும் விடப்பட்டன. அங்குள்ள பெண்களுக்குச் சோதனை செய்யாமல் விட்டது என்னை இன்றும் உறுத்துகிறது. 2007இல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது: சோதனை நடந்த பகுதிகளில் கருப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் வரும் சாவு 35 சதவீதமும் குறைவு. ஒரே ஒரு தடவை பார்த்ததற்கு இவ்வளவு!

வீட்டில் 30 வயதைத் தாண்டிய பெண்கள் இருந்தால், அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தச் சோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளச் சொல்லுங்கள். காசு கிடையாது.